அமினோ பவுடருக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் விபூதித் தட்டும் குங்குமச் சிமிழும் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்தன. போன தை மாதம் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் நெற்றியில் மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். காலையில் விளக்கேற்றப் போனால் முதலில் அந்த ஆள் நெஞ்சில்தான் முழிக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா?

டப்பாவுக்குள் இருந்தது அமினோ ஆசிட் பவுடர். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் சதை பிடிக்கட்டும் என்று தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. நாம் சாப்பிடுகிற பருப்பு, முட்டை, பால், கறி எல்லாவற்றிலும் இருக்கிற புரதம் வயிற்றுக்குள் போய்ச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. அந்தத் துண்டுகளுக்குத்தான் அமினோ ஆசிட் என்று பெயர். அவற்றில் மூன்றை மட்டும் தனியாக எடுத்து, தர்பூசணி வாசனை சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கே வயிறு எரியும்.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பந்தல்குடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் அங்கன்வாடி டீச்சர். புரதம், புரதம் என்று பயிற்சிக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும், மாசமாக இருக்கிற பெண்களுக்குச் சத்துமாவும் கொடுத்து, எதற்குக் கொடுக்கிறோம் என்று விளக்கமும் சொல்லி அனுப்புவது என் வேலை. முட்டை என்றாலே முகம் சுளித்த மருமகள்கள் எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஊரே கேட்கும். கேட்காத ஒரே ஒரு ஜீவன் என் வீட்டுக்குள் சாய்வு நாற்காலியில் இருந்தது.

அவர் முப்பது வருஷம் தூத்துக்குடி லைனில் லோடு லாரி ஓட்டியவர். ஆள் கட்டுமஸ்தாக இருப்பார். போன ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. மதுரையில் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தார். உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்குக் கூட்டிவந்து, முதல் நாள் வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். தொடைச் சதையைக் காணோம். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, சோப்பை எடு என்றார். அன்றைக்கு அடுப்படிக்குள் போய் நான் அழுதேன்.

லாரி இனி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலையெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். எங்கள் குலசாமிக்கு மாசி சிவராத்திரியில் கும்பிடு. சாமியின் பட்டு, சலங்கை, கைமணி எல்லாம் வைத்த மரப்பெட்டி ஒன்று ஊருக்குள் இருக்கும். அன்றைக்கு அதைத் தலையில் வைத்து, திருச்சுழிப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற கோயிலுக்கு மூன்று மைல் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். வழியில் இறக்கி வைக்கக் கூடாது. இவர் குடும்பத்தில் மூத்த மகனுக்குத்தான் பெட்டி. அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்த தம்பிக்குப் போகும். போனால் போனதுதான், திரும்பி வராது. என் மாமனாரிடமிருந்து வாங்கி இருபத்திரண்டு வருஷமாக இவர் தூக்கிக்கொண்டிருந்தார். லாரிச் சாவி கையை விட்டுப் போன மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அது எனக்கும் தெரியும். அதனால்தான் பின்னால் அவ்வளவு கத்தினேன்.

டவுனில் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பெண். அவரை நடக்கவிட்டுப் பார்த்தாள், காலை அமுக்கிப் பார்த்தாள். சிவராத்திரிக்கு நாலு மாசம் இருக்கிறதே, முயற்சி பண்ணலாம் என்றாள். அவள் சொன்னது இரண்டே விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார வேண்டும். பத்துப் பத்தாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை. போகப் போகக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்று வேளைச் சாப்பாட்டிலும் முட்டையோ பயறோ பாலோ மீனோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வயசானவர்களுக்குச் சதை சீக்கிரம் கரையும், அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும் என்றாள். இவ்வளவுதான். இதைக் கேட்டு அவருக்கு முகமே விழுந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்று பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்தார். டயர் கழற்றி மாட்டினவனிடம் வந்து பள்ளிக்கூடத் தண்டனையைச் சொல்கிறாளே என்றார்.

மறு வாரம் மருந்து வாங்கப் போகிறேன் என்று தனியாக டவுனுக்குப் போனவர் அந்த டப்பாவோடு வந்தார். பழைய லாரி செட்டு ஆள் ஒருவர் டவுனில் மாடியில் ஜிம் வைத்திருக்கிறார். அவர் கொடுத்தாராம். மற்றதெல்லாம் வயிற்றில் செரிக்கணுமாம், இது மட்டும் நேராகச் சதைக்கே போய்விடுமாம். சொல்லும்போதே தொடையைத் தட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பதினோரு மணி பூஜை ஆரம்பமானது. உள்ளே கம்பிப் பந்து போட்ட ஒரு குலுக்குப் பாட்டில். அதில் தண்ணீரை ஊற்றி, பவுடரைக் கரண்டியால் தலை தட்டி அளந்து போட்டு, மூடியை இறுக்கிக் கடகடவென்று குலுக்குவார். தெருமுனை வரை கேட்கும். நாள் முழுக்க அவர் உடம்புக்கு நடந்த ஒரே வேலை அந்தக் குலுக்கல்தான். குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் வீடெல்லாம் தர்பூசணி நாறும். பாட்டிலைக் கழுவாமல் வைத்துவிடுவதால் எறும்பு வரிசை கட்டி வரும். எறும்புக்காவது சதை பிடித்ததா என்று நான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபமும் தாபமுமாக இருந்தாலும் நான் விடவில்லை. முட்டையை அவித்து வைத்தேன். தட்டப்பயறு, பாசிப்பயறு, மொச்சை என்று மாற்றி மாற்றி வேகவைத்தேன். பாதி தின்பார், மீதியைக் கோழிக்குப் போட்டுவிடுவார். மூன்று மாசத்தில் எங்கள் வீட்டில் நன்றாகத் தேறியது கோழி. டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் காட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை எழுதி வாங்கச் சொல்லி, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று உறுதி பண்ணிக்கொண்ட பிறகுதான் பேசினாள். இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் இது மட்டும் போதாது என்றாள். சதை கட்டுவதற்கு எல்லாத் துண்டுகளும் வேண்டும், இதில் சிலதுதான் இருக்கிறது, அந்தச் சிலதும் முட்டையிலேயே இருக்கிறது. அதற்கு மேல், சதைக்கு வேலை கொடுத்தால்தான் அது வாங்கிக்கொள்ளும். கொத்தனாரைக் கூப்பிடாமல் செங்கலை மட்டும் இறக்கிவைத்தால் சுவர் எழும்புமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து இதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. வெட்கப்பட்டாவது செய்யட்டும் என்று, அவர் முன்னால் இன்னொரு நாற்காலியைப் போட்டு நானே செய்ய ஆரம்பித்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை நெஞ்சில் கட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். வாங்க, என்னோடு செய்யுங்க என்றேன். அவர் சாய்ந்தபடியே எனக்கு எண்ணிக்கை சொன்னார். மூட்டை இறக்கும்போது எண்ணுவாரே, அதே குரல். பதினொண்ணு, பன்னெண்டு, இந்தத் தடவை முழுசா எந்திரிக்கல, சேராது என்றெல்லாம். நான் பத்தில் தொடங்கி முப்பதுக்குப் போய்விட்டேன். அங்கன்வாடி சென்டரில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நோய் அவருக்கு, வைத்தியம் எனக்கா? நல்லா இருக்கிற என் காலுக்கா இத்தனை பாடு என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். ஐம்பத்தெட்டு வயசுக் கிழவி செய்கிறேன், ஆம்பிளைக்கு என்ன கேடு என்றும் கேட்டேன். அவர் பாட்டிலை எடுத்துக் குலுக்கினார்.

தை பிறந்ததும் பங்காளிகள் கூடிக் கும்பிடுக்கு நாள் பேசினார்கள். என் கொழுந்தனார், அதாவது அடுத்து பெட்டிக்கு உரியவர், ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் அங்கே போகலாமா என்பதே எப்போதும் அவர் பேச்சு. கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்குப் போனை எடுத்து நீட்டினார். இந்த அமினோ சிலதைக் கோழி இறகிலிருந்தும் வாத்து இறகிலிருந்தும் எடுக்கிறார்கள், சிலதைச் சலூன் முடியிலிருந்துகூட எடுக்கிறார்களாம் என்றார். காப்புக் கட்டினால் பெட்டி தூக்குகிறவர் கவுச்சி தொடக் கூடாது, அண்ணன் இதைக் குடித்துக்கொண்டு பெட்டியைத் தொட்டால் குற்றம் ஆகாதா என்று கேட்டார். சாமி மேல் இருந்த பயம் பாதி, பெட்டி மேல் இருந்த ஆசை பாதி என்று எனக்குப் பட்டது. எவ்வளவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பங்காளிகள் இரண்டு கட்சி ஆனார்கள். பவுடர் தண்ணியில் கரைகிறது, அதனால் சைவம் என்றது ஒரு கட்சி. எதிலிருந்து வந்தது என்பதே கணக்கு என்றது இன்னொரு கட்சி. டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நான் காட்டினேன். புள்ளியை யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் ஒரு பெரியவர். ஒரு மனுஷனுக்குக் கால் தேறுமா தேறாதா என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. கடைசியில் பூசாரிதான் தீர்ப்புச் சொன்னார். நாம ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், சாமிகிட்டயே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. கல்யாணத்துக்குப் பார்ப்போம், கிணறு வெட்டப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு வெற்றிலைக்குள், சிவப்புப் பூ இன்னொரு வெற்றிலைக்குள், இரண்டையும் ஒரே மாதிரி நூல் சுற்றிச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு டப்பாப் பவுடருக்கு யாராவது பூக்கட்டிப் பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி இருக்கிற வீட்டில், சாமிக்கு முன்னால் வாழை இலை போட்டு டப்பாவை அதில் வைத்தார்கள். பூசாரி கேள்வியை உரக்கச் சொன்னார். "ஐயா, இந்த மாவு சுத்தமா? இதக் குடிச்சவுக ஒன் பெட்டியத் தொடலாமா?" நான் பின்னாலிருந்து, அப்படியே இது மட்டும் போதுமா, காலுக்கு வேறு பயிற்சி வேண்டாமா என்றும் கேளுங்கள் என்று சொன்னேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் கேட்க வேண்டுமாம். சாமிக்கு ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி. ஒரு சின்னப் பெண்பிள்ளை வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை அரளி. பெண்கள் குலவை போட்டார்கள். கொழுந்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் டப்பாவுக்கு அங்கேயே பட்டை போட்டு, தலையில் தொட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்தார்.

அதோடு என் வாய்க்கும் பூட்டு விழுந்தது. அதற்கு முன் அவர் நாற்காலியில் கையை ஊன்றியாவது நாளைக்கு நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அதுவும் போச்சு. எது சொன்னாலும் சாமியே சரியென்று சொல்லிவிட்டது என்பார். சுத்தமா என்று கேட்டதற்குத்தானே சாமி பதில் சொன்னது, போதுமா என்று யாரும் கேட்கவில்லையே என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். சாமிக்கு வியாக்கியானம் பண்ணாதே என்றார். அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு சொன்னாள்: "குடிக்கலாம்னுதானம்மா சாமி சொல்லியிருக்கு. உக்காந்து எந்திரிக்க வேண்டாம்னு சொல்லலையே." இந்தப் பதிலை நான் பொத்திப் பொத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவர் கேட்டார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கையில் பேச்சு இல்லாமல் போனதும் திருட்டு வேலையில் இறங்கினேன். டிவி ரிமோட்டை எட்டாத இடத்தில் வைத்தேன். சாய்வு நாற்காலியின் கித்தான் கிழிந்துவிட்டது என்று சொல்லித் தைக்கக் கொடுத்துவிட்டு, கை இல்லாத நாற்காலி ஒன்றைப் போட்டேன். அவர் அதில் உட்காரவே இல்லை. கட்டிலிலேயே சாய்ந்துகொண்டு, போனில் டிவி பார்க்கக் கற்றுக்கொண்டார். அறுபத்துமூன்று வயசில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்றால் அது அதுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

மாசி பிறந்து காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாள் விரதம். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி பாலும் பழமும். முட்டை மீனெல்லாம் அதோடு நின்றது. சரி, அந்த ஒரு வேளையிலாவது சேர்த்துப் போடுவோம் என்று உளுந்தங்களி, பருப்புத் துவையல், தயிர், அவித்த கடலை என்று இலை கொள்ளாமல் வைத்தேன். பாதி இலையில் கையைக் கழுவினார். விரதத்தில் வயிறு முட்டத் தின்னக் கூடாதாம். பவுடர் மட்டும் நாளைக்கு மூன்று தடவை போனது. அது சாப்பாடு இல்லையாம், தண்ணீராம், விரதத்தில் சேராதாம். விலையைக் கேட்டால் சாப்பாடு, விரதம் என்றால் தண்ணீர். அந்த எட்டு நாளும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால் காப்புக் கட்டின வீட்டில் சண்டை ஆகிவிடும் என்ற பயம்தான்.

சிவராத்திரி அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் பெட்டி புறப்பட்டது. பெட்டி பெரிய கனமில்லை, கேஸ் சிலிண்டரில் பாதி இருக்கும். ஆனால் மூன்று மைல். கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. கண்மாய்க் கரையில் ஏறி, சீமைக்கருவேலத்துக்கு நடுவில் போகிற வண்டித் தடத்தில் நடக்க வேண்டும். முன்னால் உறுமியும் மேளமும். அடுத்து அவர். அவருக்குப் பக்கத்திலேயே, கையை அரைகுறையாக நீட்டியபடி கொழுந்தனார். பின்னால் பொங்கல் பானையோடு நான். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அவர் கெண்டைக்காலைத்தான் பார்த்தேன். மூன்று மைலும் வேறெதையும் பார்க்கவில்லை.

கண்மாய்க் கரை ஏறும்போது கால் நடுங்கியது. மேளக்காரர்கள் பிந்திவிட்டார்கள் என்று சாக்குச் சொல்லி ஒரு இடத்தில் நின்றார். மேளக்காரர்கள் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை. இன்னொரு இடத்தில் முள் குத்திவிட்டது என்று நின்றார். நான் மனசுக்குள் அந்த டப்பாக்காரன், ஜிம்முக்காரர், பூசாரி, அரளிச் செடி ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே நடந்தேன். நடுவில் சாமியையும் திட்டிவிட்டேன். திட்டிவிட்டு, எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று கும்பிட்டேன்.

சேர்த்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் வாசலில் போய், பூசாரியும் கொழுந்தனாரும் கைகொடுக்க, பெட்டியைப் பீடத்தில் இறக்கினார். இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கியது, வேர்வை கொட்டியது. ஆனாலும் அந்தப் பார்வையில், பார்த்தாயா பவுடரை என்று ஒரு கெத்து இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதே நேரம் அந்தக் கெத்தைப் பார்த்துப் பற்றிக்கொண்டும் வந்தது.

பெட்டி இறக்கினவர் சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும். முழங்காலைப் போட்டு, கையை ஊன்றி, மணலில் குப்புறப் படுத்தார். கையைத் தலைக்கு மேல் கூப்பினார். குலவை போட்டார்கள். சங்கு ஊதினார்கள். ஊதி முடித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

பூசாரி கையைக் காட்டி, அவர் உருகிக் கும்பிடுகிறார், யாரும் தொட்டுவிட வேண்டாம் என்றார். ஒரு பெண் விசும்பினாள். மறுபடி குலவை போட்டார்கள். கொழுந்தனார் கண்ணீர் வழிய நின்றார். அண்ணனுக்கு இவ்வளவு பக்தி இருக்கும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. நான் அவர் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் இரண்டும் மணலைப் பறித்துப் பறித்து வழுக்கிக்கொண்டிருந்தன. கூப்பின கை பிரிந்து, விரல்கள் மணலைப் பிடித்துப் பிடித்து விட்டன.

பானையை இறக்கிவைத்துவிட்டு நானும் போய் அவர் பக்கத்தில் விழுந்தேன். பெண்டாட்டியும் சேர்ந்து விழுந்து கும்பிடுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மீசையெல்லாம் மண்.

"காலு எந்திரிக்க மாட்டேங்குது புள்ள" என்றார்.

நாலு மாசமாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். இதைச் சொன்னால் திருப்பிச் சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. மணலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இப்போதுதான் தெரிந்ததா என்று மட்டும் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னைக்கே தெரியும். கையூணாம ஒரு தடவகூட எந்திரிக்க முடியல. நீ எதுத்தாப்புல முப்பது எந்திரிச்சுக் காட்டுற. ஒனக்கு முன்னாடி நான் எப்படி உக்காந்து பாக்க?"

நான் சென்டருக்குப் போன பிறகு தினமும் தனியாக முயற்சி செய்து பார்த்திருக்கிறார். முடியாமல் போன ஒவ்வொரு நாளும் பவுடரை ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆம்பிளைக்கு என்ன கேடு என்று நான் கேட்ட வாய் என் வாய்தான். அந்த இடத்திலேயே என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பிசியோதெரபிப் பெண் நிதானமாகச் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தை நான் அவருக்கு எதிரான போட்டியாக ஆக்கி வைத்திருந்தேன். முடியவில்லையா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் மெதுவாகக் கேட்டிருந்தால் போதும்.

நிறைமாசக்காரிகளுக்குத் தரையிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிக்கொடுப்போம். அதே மாதிரி காதோடு சொன்னேன். ஒருக்களித்துப் படுங்கள், கையை ஊன்றி முழங்காலுக்கு வாருங்கள், என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. முழங்கால் வரை வந்தார். அதற்கு மேல் தொடை நடுங்கி, பாரம் முழுவதும் என் மேல் சாய்ந்தது. நான் முப்பது தடவை எழுந்து பழகிய காலை ஊன்றித்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கு அது போதவில்லை. இருவரும் மறுபடி மணலில் சரிந்தோம். குலவை இன்னும் பலமாக எழுந்தது.

அவர் நெற்றியை மணலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு தலையைத் தூக்கி, இரண்டு எட்டுத் தள்ளி நின்ற கால்களைப் பார்த்தார். கொழுந்தனாரின் கால்கள்.

"தம்பியக் கூப்பிடு" என்றார்.

அத்தனை பங்காளிகள் முன்னால் தம்பியைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? பெட்டி போயிரும் என்றேன். பூசாரி தொடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் கும்பிடுகிற மாதிரியே படுத்திருப்போம், நானே எப்படியாவது தூக்கிவிடுகிறேன் என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய பொய்க்கு நான் துணை போகத் தயாராக இருந்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். மண்ணும் வேர்வையுமாக இருந்தது.

"பெட்டிய இனி அவன் தூக்கட்டும். என்னைய எந்திரிக்க வையி. கூப்பிடு."

கூப்பிட்டேன்.